சந்தியில் நிற்காத கல்யாண பேண்டு

பேண்டு மாஸ்டர் வெள்ளைக் கையுறை போட்ட வலது கையைத் தூக்கினால் மிஷன் வீதி நின்றுவிடும். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் கைதான் முதலில் வருகிறது. ஜெனரேட்டர் வண்டி இழுத்துவரும் விளக்குத் தோரணங்களின் வெளிச்சத்தில், விரல்கள் விரிந்து, சரிகைப் பட்டி மின்ன, ஊருக்கே உத்தரவு போடுவதுபோல ஒரு கை. அது எழுந்ததும் நாங்கள் நிற்போம். பின்னால் மாப்பிள்ளை கார் நிற்கும். அதன் பின்னால் புதுச்சேரி நிற்கும். நான் அந்தப் பேண்டில் கிளாரினெட். அப்போது வயது இருபதுகளின் நடுவில். பகலில் ஜெராக்ஸ் கடை, முகூர்த்த நாளென்றால் சாயங்காலம் சிவப்புக் கோட்டு, தங்கப் பொத்தான், கழுத்தை அறுக்கும் காலர். முதலியார்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில்தான் எங்கள் ஒத்திகை. மூடிப்போன மில்களில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள்தான் பேண்டில் பாதிப் பேர். மில் சங்கு நின்ற ஊரில் நாங்கள் ஊதிக்கொண்டிருந்தோம்.

இந்த ஊரின் வீதிகள் அடிக்கோல் வைத்துக் கிழித்தவை. ஒரு சந்தியில் நின்று கிழக்கே பார்த்தால் கடல் வெளிச்சம் வரைக்கும் கண் போகும். மேற்கே பார்த்தால் பஸ்ஸும் ஆட்டோவும் குட்டியாகிக்கொண்டே போய்ப் புள்ளியாகும். வளைவு கிடையாது, ஒளிந்துகொள்ள ஒரு திருப்பம் கிடையாது. பேண்டுக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒவ்வொரு சந்தியும் நான்கு பக்கமும் திறந்த மேடை. அதனால் எங்கள் ஊர்வலம் எங்கே நிற்காவிட்டாலும் சந்தியில் நிற்கும். நின்று, வட்டம் கட்டி, மாஸ்டர் நடுவில் போய், தொப்பியை ஒரு சாய்ப்புச் சாய்த்து, கண்ணைக் காட்டுவார். அவ்வளவுதான். டிரம் இடிக்கும், டிரம்பெட் கிழிக்கும், மாப்பிள்ளையின் சித்தப்பா மகன்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு ஆட ஆரம்பிப்பார்கள். நான்கு திசையிலும் வண்டிகள் சேரும். பெரிய மார்க்கெட்டில் மீன் கூடைகளை இறக்கிவிட்டு வீராம்பட்டினம் திரும்பும் டெம்போ, சென்னையிலிருந்து கடல் பார்க்க வந்து வழி தெரியாமல் முழிக்கும் கார், டியூஷன் முடிந்த பிள்ளைகளை முன்னும் பின்னும் ஏற்றிய ஸ்கூட்டி. எல்லாரும் ஹாரன் அடிப்பார்கள். அதுவும் எங்களுக்கு உற்சாகமாகவே இருந்தது என்பதுதான் வேடிக்கை. "அடிக்கிறான் பாரு! நம்ம தாளத்துக்கே அடிக்கிறான்டா!" என்று மாஸ்டர் கத்துவார். நாங்கள் இன்னும் பலமாக ஊதுவோம்.

தாளத்துக்கு அடிக்காத ஒருவர் இருந்தார். டிராபிக் ஏட்டு. சிவப்புத் தொப்பி, எண்ணெய் வைத்து முறுக்கிய மீசை, பெரிய வயிறு, அந்த வயிற்றைத் தாங்கிக்கொண்டு நெரிசலுக்குள் மீனாக நுழையும் கால்கள். அவருக்கும் மாஸ்டருக்கும் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் ஒரு சண்டை உறுதி. இரண்டு பேரும் ஒரே வயதுக்காரர்கள். சிறு வயதில் ஒரே தெருவில் கோலி விளையாடியவர்களாம். அந்த உரிமையில்தான் திட்டிக்கொள்வார்கள்.

"யோவ், இது ரோடா, உன் மாமியார் வூடா? நவுருய்யா!"

"ஏட்டையா, ஒரே ஒரு பாட்டு. ஜனம் கேக்குது."

"எந்த ஜனம் கேக்குது? பின்னால வந்து பாரு, உன் பாட்டன் முப்பாட்டனயெல்லாம் கேக்குது!"

ஒரு ஆவணி முகூர்த்தத்தில் அது சண்டையோடு முடியவில்லை. அன்றைக்கு வீதிக்கு வீதி கல்யாணம். மூன்று ஊர்வலங்கள் அடுத்தடுத்த சந்திகளைப் பிடித்துக்கொள்ள, ஊர் நடுவே ஒரு சக்கரம்கூட உருளவில்லை. கல்யாண வீட்டுக்காரர்களே மண்டபம் போய்ச் சேரவில்லை. நலங்குத் தட்டோடு ஒரு சித்தி ஆட்டோவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மறுநாள் ஏட்டு கொட்டகைக்கே வந்துவிட்டார். கத்தவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. புல்வாருக்குள், அதாவது பழைய ஊரை முட்டைபோலச் சுற்றிவரும் பெரிய சாலைகளுக்கு உள்ளே, இனி எந்தப் பேண்டுக்கும் ஊர்வல அனுமதி வேண்டாம் என்று மேலிடத்தில் பேச்சு எழுந்திருப்பதாகவும், தன்னைத்தான் கருத்துக் கேட்டிருப்பதாகவும் சொன்னார். மண்டபங்களில் முக்கால்வாசி புல்வாருக்குள்தான். அனுமதி போனால் பேண்டும் போகும். சைட் டிரம் மேல் வைத்திருந்த டீ கிளாஸை யாரோ எடுத்துக் கீழே வைத்தார்கள்.

"நீ என்னா சொல்லப் போற ஏட்டையா?" என்றார் மாஸ்டர்.

"வேணாம்னுதான் சொல்லப் போறேன். அதுக்கு முன்ன ஒருவாட்டி வந்து பாரு. நீ இதுவரைக்கும் பாத்ததில்ல. நடுவுலயே நின்னுக்கினு இருந்தா எப்பிடிப் பாப்ப?"

அடுத்த முகூர்த்தத்தில் எங்களுக்கு வேலை இல்லை. ஒரு போட்டி பேண்டுக்கு இருந்தது. ஏட்டு மாஸ்டரையும் என்னையும் சந்தியோரம் இருந்த லாட்ஜின் மொட்டைமாடிக்கு ஏற்றினார். என்னை எதற்கு என்றால், மாஸ்டருக்கு உயரம் ஆகாது. பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். மாடியின் கைப்பிடிச் சுவரை ஒரு கையாலும் என் தோளை மறு கையாலும் பற்றிக்கொண்டு அவர் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அடடா, அந்தக் காட்சி! நான்கு நேர் கோடுகள். நான்கிலும் விளக்குகள் ஊர்ந்துகொண்டிருந்தன, எறும்பு எறும்பாக, ஒழுங்காக, அழகாக. பேண்டு சந்திக்கு வருமுன் வீதியில் ஆடிக்கொண்டே வந்தவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் வந்தவை மட்டும் மெதுவாயின. குறுக்கு வீதிகள் பாட்டுக்கு ஓடின. பிறகு பேண்டு சந்திக்குள் வந்து நின்றது. அந்த நொடியில் நான்கு கோடுகளும் ஒன்றாகச் சிவந்தன. பிரேக் விளக்குகள் சந்தியிலிருந்து வெளியே வெளியே பற்றிக்கொண்டு போயின. அடுத்த சந்தி வரைக்கும் போய், அங்கே வண்டிகள் நடுவிலேயே நின்றுவிட, அந்தச் சந்தியின் மற்ற மூன்று வீதிகளும் சிவந்தன. அப்புறம் அதற்கடுத்தது. ஒரே ஒரு கட்டத்தை அடைத்ததற்கு ஊரே அடைத்துக்கொண்டது. எனக்குப் புல்லரித்தது. பயத்தில் இல்லை, இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இவ்வளவு சின்னக் காரணமா என்ற ஆச்சரியத்தில்.

மாஸ்டர் தன் பயத்தையெல்லாம் மறந்து கீழே பார்த்துக் கத்தினார்: "டேய்! அந்தாண்ட போடா! பத்தடி தள்ளிப் போய் ஆடித் தொலையேன்டா! அங்க எதுக்குடா நிக்கிற, அறிவு கெட்டவனே!"

ஏட்டு மீசையைத் தடவினார். மாஸ்டர் தான் கத்தியதைத் தானே கேட்டிருக்க வேண்டும். மெல்லத் திரும்பி, "அங்க நின்னாத்தானே நாலு பக்கமும் பாப்பாங்க…" என்றார், பாதிக் குரலில். அப்புறம் இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். இறங்கும்போது படிக்கட்டில் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தரச்சொல்லி ஏட்டிடம் கேட்டார். ஒரே ஒரு ஊர்வலம், சந்தியில் நிற்காமல். ஒரு சந்தியாவது அடைத்துக்கொண்டால் ஏட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

"ஞாயித்துக்கிழமயா? ரோட்டோரம் பூரா துணிக்கடை போட்டிருப்பானே, நடக்கவே எடம் இருக்காதே," என்றார் ஏட்டு.

"அப்பதானே நீ நம்புவ."

யோசனை எளிமையானது. ஆட்டம் பாட்டுக்குப் பின்னால் போகும். ஆகவே இரண்டு சந்திகளுக்கு இடையே, வீதியின் நடுவில் மட்டும் வாசிப்பது. சந்தி நெருங்கினால் மொத்தப் பேண்டும் வாயை மூடிக்கொள்வது. சந்திக்கு முன்னால் காத்திருந்து, ஏட்டு கை காட்டியதும் கூட்டத்தோடு கடந்து, அடுத்த வீதியின் நடுவில் போய் மறுபடி வெடிப்பது. "கார்னர்ல நிக்காத பேண்டு சவ ஊர்வலம் மாதிரி இருக்கும் மாஸ்டர்," என்று பேஸ் டிரம்காரர் சலித்துக்கொண்டார். மாஸ்டருக்கும் அதுதான் பயம். ஒத்திகை முழுக்கக் கையைத் தூக்கப் போய்த் தூக்கப் போய் இறக்கிக்கொண்டே இருந்தார்.

அந்த ஞாயிறு வந்தது. மாப்பிள்ளை வீடு பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த குடும்பம். தாய்மாமன் பிரான்ஸ் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்காகவே பாரிஸிலிருந்து வந்திருந்தார். பட்டு வேட்டி, மேலே கோட்டு, அதற்கு மேலே மாலை. முதல் வீதியின் நடுவில் நாங்கள் வாசித்தபோது அவர் ஆடிய ஆட்டத்தில் மாலை பாதி உதிர்ந்தது. சந்தி வந்தது. மாஸ்டர் உதட்டில் விரல் வைத்தார். சட்டென்று பேண்டு அடங்கியது.

அவ்வளவு பெரிய அமைதியை நான் அந்த வீதியில் கேட்டதே இல்லை. யாரோ பேரம் பேசும் குரல்கூடக் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா காரிலிருந்து பதறிக்கொண்டு இறங்கினார்.

"என்னாங்க இது, மேளம் நின்னுபோச்சு? புள்ள கார்ல உக்காந்திருக்கசொல்ல மேளத்த நிறுத்தலாமா? நல்ல காரியத்துல இது என்னா அபசகுனம்?"

"ஒரு நிமிஷந்தான் தாயி, அந்தாண்ட போனதும்…"

"அரை நிமிஷம்கூட ஆவாது. மண்டபம் போற வரைக்கும் சத்தம் விடக்கூடாது. இல்லன்னா வண்டிய வூட்டுக்குத் திருப்பச் சொல்லு!"

தாய்மாமனும் சேர்ந்துகொண்டார். "போன்!" என்று பிரெஞ்சில் 'சரி' சொன்னார். "அப்போ இங்கயே ஒரு ஆட்டம் போட்டுட்டுப் போவோம். நான் இதுக்காவ பாரிஸ்ல இருந்து வந்தவன்!"

சந்தியின் நடுவில் ஏட்டு எங்களுக்காகக் குறுக்கு வீதியை நிறுத்திவைத்திருந்தார். வண்டிகள் உறுமின. மாஸ்டர் அந்த அம்மாவைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை, கண்ணில் திருட்டுச் சிரிப்பு.

"டேய் கிளாரினெட்டு. ஒரே ஒரு ஸ்வரம். ஏத்தம் எறக்கம் ஒண்ணும் வேணாம். புடிச்சிக்க. கார் அந்தப் பக்கம் போற வரைக்கும் உடாத."

நான் மூச்சை இழுத்தேன். ஊதினேன். ஒற்றை ஸ்வரம், ஈரத் துணியை இரண்டு பேர் இழுத்துப் பிடித்த மாதிரி, வீதியின் குறுக்கே. டிரம்பெட் என்றால் ஆட அழைத்துவிடும். கிளாரினெட் அழைக்காது, துரத்தாது, கூடவே நடக்கும். அந்த அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். சத்தம் இருக்கிறது, சரிதான். காரில் ஏறிக்கொண்டார். சித்தப்பா மகன்கள் ஆடப் பார்த்தார்கள். தூக்கிய காலை எங்கே வைப்பது? தாளமே இல்லாத ஒரு நீளத்தில் யாரும் ஆட முடியாது. நடக்கத்தான் முடியும். நடந்தார்கள். என் மூச்சு தீர்வதற்குள் போகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் என் முகம் சிவப்பதைப் பார்த்தே எல்லாருக்கும் புரிந்துபோனது. பட்டுப்புடவைகள் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு ஓடின. வரிசைத் தட்டுகள் ஓடின. தாய்மாமனுக்கு இது ஒரு விளையாட்டாகவே பிடித்துவிட்டது. "அலே! அலே!" என்று பிரெஞ்சில் விரட்டினார், அர்த்தம் தெரியாதவர்களுக்கும் கால் புரிந்துகொண்டது. பின்னால் சந்தி காலியானது. ஏட்டு கையை இறக்க, குறுக்கு வீதி மடை திறந்த மாதிரி பாய்ந்தது. அடுத்த வீதியின் நடுவில் மாஸ்டரின் கை எழ, நாங்கள் வெடித்தோம் பாருங்கள்! அத்தனை நாள் வாசித்ததெல்லாம் வாசிப்பே இல்லை.

இரண்டாவது சந்தி. மூன்றாவது. கூட்டம் இப்போது சந்திக்காகக் காத்திருந்தது. நான் கிளாரினெட்டை உதட்டில் வைத்ததும் "ரெடி, ரெடி!" என்று கிழவிகள்கூடச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். துணிக்கடைக்காரர்கள் விசிலடித்தார்கள். எனக்குள் என்னவோ பறந்தது. ஓர் ஊரின் ரத்தக்குழாயில் நான் விரல் வைத்திருக்கிறேன், அது ஓடுகிறது, ஓடுகிறது.

மார்க்கெட் பக்கம் போகும் பெரிய சந்தியில் மாப்பிள்ளை கார் நின்றுபோனது. சரியாக நடுவில். பூ அலங்காரத்துக்காகவே வாடகைக்கு விடப்படும் பழைய திறந்த கார் அது. டிரைவர் சாவியைத் திருகினார், அது இருமியது, அடங்கியது. என் மூச்சில் பாதி தீர்ந்திருந்தது. நாதஸ்வரக்காரர்கள் கன்னத்தில் காற்றைச் சேர்த்துவைத்து மூக்கால் இழுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வித்தை வராது. நான்கு பக்கமும் ஹாரன் கிளம்பிவிட்டது. அந்த அம்மா காரில் இருந்தபடி என் வாயையே பார்த்தார். மாஸ்டரின் கை தானாக மேலே போய்க்கொண்டிருந்தது. அது முழுக்க எழுந்தால் பேண்டு வாசிக்கும், மேளம் நிற்காது, ஆனால் அத்தனை பேரும் அந்த இடத்திலேயே ஆட ஆரம்பித்துவிடுவார்கள், சந்தி மூடிக்கொள்ளும், எங்கள் கதை முடிந்தது. எழாவிட்டால் இதோ என் நெஞ்சு காலியாகப்போகிறது. அந்தக் கை பாதியில் நின்றது. ஆயுள் முழுக்க எந்த இடத்தில் எழுந்துகொண்டிருந்ததோ, அந்த இடத்தில். மாஸ்டர் அதை இடது கையால் பிடித்து இறக்கினார். இறக்கிய வேகத்தில் ஓடிப்போய்க் காரின் பின்பக்கம் தோள் கொடுத்தார்.

என் ஸ்வரம் நூலாகி, நடுங்கி, அறுந்தது.

அறுந்த இடத்திலேயே இன்னொரு சத்தம் ஏறியது. விசில். ஏட்டு கன்னம் இரண்டும் பந்தாக உப்ப, கண்கள் பிதுங்க, ஒரே மூச்சாக ஊதிக்கொண்டே ஒரு கையால் வண்டிகளை மறித்து, மறு கையால் காரைத் தள்ளினார். தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டினார். பேஸ் டிரம்காரர் டிரம்மோடே வந்து வயிற்றால் முட்டினார். கார் உருண்டது. அந்த விசில், சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஊதிய எல்லாவற்றையும்விட நீளம். கார் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் நின்றது.

அந்த அம்மா தலைப்பூவைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "சத்தம் நடுவுல நிக்கல இல்ல?"

"எங்க தாயி நின்னுது? போலீஸே ஊதிச்சே!" என்றார் மாஸ்டர், மூச்சு வாங்க.

"நான் வண்டிங்களுக்குத்தான்யா ஊதினேன்," என்றார் ஏட்டு.

"சுருதி சேந்துச்சே ஏட்டையா."

"வாய மூடிக்கினு போய் வாசி. அடுத்த ஊர்வலம் வருதாம், எடத்த காலி பண்ணு." திரும்பி நடந்தவர் நின்றார். "வர்ற முகூர்த்தத்துக்கும் இப்பிடியே போறதா இருந்தா சொல்லு. நான் மேல பேசறேன்."

பேசினார். அனுமதி நிலைத்தது. ஆனால் மாஸ்டருக்கு அது இலவசமாகக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நடுவீதியில் இரண்டு பக்கக் கூட்டம்தான். நான்கு பக்கமும் தன்னைப் பார்க்கும் அந்த வட்டத்தை அவர் பிறகு ஒருநாளும் கட்டவில்லை. ஒவ்வொரு சந்தியையும் கடக்கும்போது அவர் தலை மட்டும் கிழக்கேயும் மேற்கேயும் ஒருமுறை திரும்பும். பந்தியைத் தாண்டிப் போகும் பசிக்காரனைப்போல.

இப்போது சனி ஞாயிறுகளில் ஊருக்குள் வருவதே ஒரு சாகசம். ஒருவழிப் பாதை, எண்கள் குறையும் சிக்னல், பார்க்கிங் கோடு, மேம்பாலப் பேச்சு எல்லாம் வந்துவிட்டன. எல்லாம் தேவைதான். ஆனாலும் அடிக்கோல் வீதிகளை யாராலும் அகலமாக்க முடியாது. நடுவிலுள்ள அந்தச் சதுரத்தைத்தான் காலியாக வைக்க முடியும். மாஸ்டருக்கு முட்டி போய்விட்டது. பேண்டை மருமகனிடம் விட்டுவிட்டார். போன சனிக்கிழமை அவரை ஸ்கூட்டரில் பின்னால் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். அந்தப் பெரிய சந்தியில் சிக்னல் பச்சை. ஆனால் அந்தப் பக்க வீதியில் கார்கள் சந்தி விளிம்பு வரைக்கும் ஒட்டி நின்றன. போனால் நடுவில்தான் மாட்டுவோம். நான் கோட்டுக்கு முன்னாலேயே நிறுத்தினேன்.

பின்னால் ஒரு கார் அலறியது. கண்ணாடியை இறக்கி, "யோவ் பெருசு! பச்ச உழுந்துடுச்சு, எடம் இருக்குல்ல, போய்யா!" என்றான் ஓட்டியவன்.

மாஸ்டர் முட்டியைப் பிடித்துக்கொண்டு முழு உடம்போடு திரும்பினார். "எங்கப்பா போறது? அங்க போய் நின்னு ஆடப் போறியா? நான் அதெல்லாம் ஆடி முடிச்சவன். செத்த இரு!"

பச்சை சிவப்பானது. நாங்கள் முன்னால் விட்ட காலி இடத்தில் குறுக்கு வீதியிலிருந்து முதலில் ஓர் ஆட்டோ தலையை நீட்டியது. நம்பாமல் ஒரு கணம் தயங்கி, பிறகு பாய்ந்தது. அதன் பின்னால் பால் வண்டி, பூக்கூடை கட்டிய மொபெட், பள்ளிக்கூட வேன், சைக்கிள், இன்னும் ஓர் ஆட்டோ. மாஸ்டர் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "போ… போ… நீயும் போ…" அவர்களில் ஒருவர்கூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் போய்க்கொண்டிருந்தார்கள்.